கீரையா, களையா? தெரிந்து பறிப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழுக்கள் தங்கள் வாராந்திரக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது கொஞ்சம் வேறு விஷயம் பேசப் போகிறோம். கீரையைப் பற்றி. "கீரையைப் பத்தி எங்களுக்கே பாடமா?" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற பெரியம்மா சிரிக்கிறார். சிரிங்க, தப்பில்லை. உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாங்கள் வரவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டதை உங்கள் மருமகள்களுக்கும் மகள்களுக்கும் எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறோம்.

போன ஐப்பசியில் நம் குழு ஒன்றில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம். அந்த அக்காவே "என் கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும், பேரை மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நடந்தது

நல்ல மழை பெய்து ஓய்ந்த சமயம். மாமியார் கடலைக்காய் பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டார். மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவர். வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லை. மாமியார் தினமும் வரப்பில் கிள்ளிக்கொண்டு வருகிற சக்கரவர்த்திக் கீரையை நாமே பறித்துக் கடைந்து வைப்போம், வேலை முடிந்து வருகிறவருக்குச் சூடாகக் களியும் கீரையும் போடுவோம் என்று ஆசையாகப் போயிருக்கிறார். எருக்குழி ஓரத்தில் செழிப்பாக ஒரு செடி. இலை ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. கீரை என்று நினைத்து அதையும் சேர்த்துக் கிள்ளி முறத்தில் போட்டுவிட்டார்.

மதியம் அவரும் கணவரும் ஏழு வயதுப் பையனும் சாப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பையனுக்கு வாய் உலர்ந்து போனது. தண்ணி, தண்ணி என்றானாம். முகம் சிவந்துவிட்டது. கண்ணின் கருவிழி நடுவே இருக்கிற பாப்பா பெரிதாக விரிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு சம்பந்தமில்லாமல் பேசினான், காற்றில் எதையோ பிடிக்கிற மாதிரி கையை வீசினான். பக்கத்து வீட்டில் "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார்கள். அதற்குள் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் அதே மாதிரி ஆரம்பித்துவிட்டது.

நல்ல வேளையாக மாமியார் அன்று சீக்கிரம் திரும்பினார். வாசலில் கிடந்த முறத்தில் மிச்சம் இருந்த இலையை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார். "ஐயோ, இது ஊமத்தைடி!" அந்த ஒரு வார்த்தைதான் மூன்று உயிரைக் காப்பாற்றியது. உடனே 108-க்குப் போன் செய்தார்கள். மிச்ச இலையை ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். இலையைப் பார்த்ததும் டாக்டருக்கு என்ன விஷம் என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாளில் மூன்று பேரும் தெளிந்து வீடு திரும்பினார்கள். போக்குவரத்துக்கும் கூலி போனதற்கும் குழுவில் 2,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். அந்தக் கடன் மாசி மாதமே அடைந்துவிட்டது.

ஆனால் வேறு ஒன்று அடையவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் நிறைய பேர், "இனிமே வரப்புக் கீரையே வேண்டாம். சந்தையில வாங்கிக்கலாம்" என்றார்கள். அந்த மருமகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போது மாமியார் எழுந்து சொன்னதை நாங்கள் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தோம்: "தப்பு அவ மேல இல்ல. ஆறு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். அவ கேக்கல, நானும் சொல்லல. டவுனு பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

சகோதரிகளே, அதுதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

ஏன் விட்டுவிடக் கூடாது?

பயந்து கீரையை விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்தக் கூட்டத்தில் பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, களை எடுக்கும்போது கண் இருட்டுவது எல்லாம் வயசாகிவிட்டதால் மட்டும் வருவதில்லை.

கீரை மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. செவிலியர் அக்கா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். ஆனால் தினச் சாப்பாட்டில் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, கண்ணுக்குத் தேவையான சத்து எல்லாம் காசில்லாமல் கிடைப்பது கீரையில்தான். அதிலும் நாம் விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல், தானாக முளைக்கிற கீரை. மழை பெய்தால் கேழ்வரகுக் காட்டில் களையோடு களையாக வருகிறது. அதைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு, சந்தையில் பத்து ரூபாய் கொடுத்து ஒரு கட்டு வாங்கி வருகிறோம்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பெரியவர்கள் ஒரு கீரையை மட்டும் சமைத்ததில்லை. சக்கரவர்த்தி, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டி, குப்பைக்கீரை என்று கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துக் கலவைக்கீரையாகக் கடைவார்கள். களிக்கு அதைவிடத் தோதான கறி உண்டா? 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது அப்போதைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்குக் குழு ஆரம்பித்த அம்மாக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். இருபது கீரை பெயர் தெரியும். இன்றைக்கு நமக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வங்கிப் புத்தகம் பார்க்கத் தெரியும். கீரை எத்தனை தெரியும்?

சக்கரவர்த்திக் கீரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு விஷயம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். இதைச் சக்கரவர்த்திக் கீரை என்கிறோம். கன்னடம் பேசுகிற வீடுகளில் சக்கோத்தா சொப்பு. வடக்கே பதுவா. சில புத்தகங்களில் பருப்புக்கீரை என்று போட்டிருக்கும். ஆனால் நம்மில் பலர் பருப்புக்கீரை என்பது தரையில் படர்கிற, தண்டு கொழகொழவென்று இருக்கிற வேறொரு கீரையை. ஒரே பெயர், இரண்டு செடி. ஆகவே செடியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிவியல் பெயர் கீனோபோடியம் ஆல்பம். வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, பொருளைத் தெரிந்துகொண்டால் செடியே தெரிந்துவிடும். கீனோபோடியம் என்றால் வாத்துக்கால். ஆல்பம் என்றால் வெள்ளை. இலை வாத்தின் பாதம் போல இருக்கும், வெள்ளை மாவு பூசியிருக்கும். அவ்வளவுதான்.

ஐந்து இடத்தில் பாருங்கள்:

1. மாவு. செடியின் நுனிக் குருத்தைப் பாருங்கள். அரிசி மாவைத் தூவினாற்போல் வெள்ளையாக இருக்கும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். இலையின் அடிப்பக்கமும் சாம்பல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு ஓடும். இதுதான் முதல் அடையாளம்.

2. இலை. கீழே உள்ள இலைகள் வாத்துக்கால் மாதிரி அகலமாக, ஓரத்தில் ஒழுங்கில்லாத பற்களோடு இருக்கும். மேலே போகப் போக இலை ஒடுங்கி, நீளமாக, பல் இல்லாமல் ஆகிவிடும். ஒரே செடியில் இரண்டு விதமான இலை இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இலைகள் எதிரெதிராக இல்லாமல் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வரும்.

3. தண்டு. நிமிர்ந்து வளரும். நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். பச்சைக் கோடு அல்லது சிவப்புக் கோடு ஓடும். இலை சேருகிற இடத்தில் சிவப்பு தெரியும். முள் கிடையாது. ஒடித்தால் பால் வராது.

4. வாசனை. கசக்கி மோந்து பாருங்கள். சாதாரணப் பச்சிலை வாசனைதான். நாற்றமோ, காரமான நெடியோ இருக்காது.

5. பூ, விதை. பூ என்று தனியாக இதழ் இருக்காது. நுனியில் குருணை குருணையாகப் பச்சை மணிகள் கொத்தாக இருக்கும். விதை மிகச் சிறியது, கறுப்பு, பளபளப்பு.

ஐந்தும் பொருந்தினால்தான் சட்டி. நான்கு பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அதே மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் களப் பணியாளர்கள் நான்கு பேர் புத்தகம், படம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஊருக்குப் போனோம். வாய்க்கால் ஓரத்தில் ஒரு செடியைக் காட்டி, "பாருங்க, இதுதான் சக்கரவர்த்தி" என்று பெருமையாகச் சொன்னோம். கூட வந்த ஆயா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினார். கெட்ட நாற்றம். "இத உங்க வீட்டுல கடைஞ்சு சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சமூகப் பணியில் பட்டம் வாங்கியவர்கள் அன்றைக்கு ஆயாவிடம் முதல் வகுப்பில் சேர்ந்தோம்.

அது சக்கரவர்த்தியின் பங்காளிச் செடி. இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், ஓரப் பற்கள் கூர்மையாக இருக்கும், மாவு குறைவு, கசக்கினால் நாறும். விட்டுவிடுங்கள். இன்னொரு உறவுக்காரச் செடியும் உண்டு. இலை நீளமாக இருக்கும். கசக்கினால் மருந்து டப்பாவைத் திறந்த மாதிரி காரமான நெடி வரும். அந்தக் காலத்தில் அதன் எண்ணெயைக் குடல் பூச்சிக்குக் கொடுத்தார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்பதால் பிறகு விட்டுவிட்டார்கள். அதுவும் கீரை இல்லை.

இப்போது ஊமத்தை. பூவும் காயும் வந்துவிட்டால் குழந்தைக்கும் தெரியும். நீளமான குழல் பூ, முள் நிறைந்த காய். பிரச்சினை பூக்காத சின்னச் செடியில்தான். அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஊமத்தைக் குருத்தில் வெள்ளை மாவு இருக்காது. இலையின் அடிப்பாகம், காம்பு சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். தண்டு வரிப்பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருக்கும், பல நேரம் ஊதா நிறம் ஓடும். கசக்கினால் குமட்டுகிற நாற்றம். இலை, பூ, காய், விதை, வேர் எல்லாமே விஷம். வேக வைத்தாலும் விஷம் போகாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா கொதிக்க வெச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்பது ஊமத்தையிடம் செல்லாது.

பார்த்தீனியத்தைக் கீரை என்று யாரும் நினைக்கமாட்டீர்கள். ஆனாலும் அது சின்னதாக இருக்கும்போது கீரைக்கு நடுவே தரையோடு படிந்து கிடக்கும். இலை கேரட் இலை மாதிரி பிளவுபட்டிருக்கும். 1950-களில் நம் நாட்டில் கண்டறியப்பட்ட இந்தக் களை இன்று இல்லாத ஊரே இல்லை. தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும், மகரந்தத்தால் இழுப்பும் வரும். பிடுங்கும்போது கையுறையோ, கையில் ஒரு கவரோ போட்டுக்கொள்ளுங்கள்.

கூட வருகிற நல்ல கீரைகள்

குப்பைக்கீரை: இலை நுனியில் சின்னதாக ஒரு வெட்டு, யாரோ நகத்தால் கிள்ளினாற்போல் இருக்கும். காம்பு நீளம். மாவு இருக்காது. நுனியில் பச்சைக் கதிர்.

முள்ளுக்கீரை: அதே குடும்பம். இலை சேரும் இடத்தில் இரண்டு முள் இருக்கும். முள் முற்றுவதற்கு முன் இளம் தளிரைக் கிள்ள வேண்டும்.

பண்ணைக்கீரை: இலை ஈட்டி போல நீளம். பூத்தால் வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர், மெழுகுவர்த்தி மாதிரி நிற்கும். கேழ்வரகுக் காட்டிலும் கடலைக் காட்டிலும் பெரிய தொந்தரவு. பூக்கும் முன் பறித்தால் கறி.

தொய்யக்கீரை: மெல்லிய செடி. ஒல்லியான நீளக் காம்பில் இளஞ்சிவப்புப் பூ வரிசையாக இருக்கும். இலை நுனி கூர்மை.

மூக்கிரட்டை, சாரணை: இரண்டும் தரையில் படரும். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கும். மூக்கிரட்டை இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், மெல்லிய கிளைத்த காம்பில் சின்னச் சிவப்புப் பூ மேலே தெரியும். சாரணையின் இலை தடித்துச் சதைப்பற்றாக இருக்கும், பூ இலையிடுக்கில் ஒளிந்திருக்கும். சாரணையில் இளந்தளிர் மட்டுமே. முற்றினால் வயிற்றைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

தரையில் படர்கிற எந்தச் செடியானாலும் ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால், தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் கூடையில் போட வேண்டாம்.

எங்கே பறிக்கக் கூடாது?

செடி நல்ல செடியாக இருந்தாலும் இடம் கெட்ட இடமாக இருக்கலாம். களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்த காட்டில் பறிக்காதீர்கள். மருந்து அடித்த உடனே செடி வாடாது. பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். அடுத்தவர் காடு என்றால், "அண்ணா, மருந்து அடிச்சீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள். யூரியா போட்ட கையோடு பறிப்பதும் வேண்டாம். உரம் அதிகமான இடத்தில் இந்தக் கீரை மண்ணில் உள்ள நைட்ரேட் உப்பை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். சாக்கடை ஓரம், தொழிற்சாலைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், வண்டிகள் போகிற தார் ரோட்டு ஓரம் இவையும் வேண்டாம்.

சமைக்கும்போது

பறித்ததைக் கட்டாக அப்படியே நறுக்காதீர்கள். முறத்தில் பரப்பி, ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் பார்த்து ஆய வேண்டும். முறம்தான் நமக்குக் கடைசிக் காவல். மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். சக்கரவர்த்தியில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் வேக வைத்து அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டால் அது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மற்றவர்களும் தினம் அதே கீரையாக இல்லாமல் மாற்றி மாற்றிச் செய்வது நல்லது.

வெந்த துவரம் பருப்பு, பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைந்து தாளித்தால் போதும். மேலே அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

காட்டுக்கும் லாபம்

சக்கரவர்த்தி ஒரு செடி நன்றாக வளர்ந்து காய்த்தால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அந்த விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இந்த வருஷம் சுத்தமாகக் களை எடுத்தாலும் அடுத்த வருஷம் மறுபடி வருகிறது. பூக்கும் முன்னே வேரோடு பிடுங்கினால், காட்டுக்குக் களை குறையும், வீட்டுக்குக் கறி கிடைக்கும். ஒரே குனிதலில் இரண்டு வேலை. பெங்களூர்ச் சந்தைகளில் சக்கோத்தா சொப்பு கட்டுக் கட்டாக விலைக்குப் போகிறது. நாம் வரப்பில் வீசுகிற அதே செடிதான். வடக்கே இமயமலைப் பக்கத்துக் கிராமங்களில் இதன் விதையைத் தானியமாகவே விளைவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கடையில் அதிக விலைக்கு விற்கிற கினோவா என்ற தானியமும் இதே குடும்பத்துச் செடியின் விதைதான்.

தவறு நடந்துவிட்டால்

கீரை சாப்பிட்டபின் வாய் உலர்வது, முகம் சிவப்பது, கண் கூசுவது, நெஞ்சு படபடப்பது, உளறுவது, சிறுநீர் பிரியாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் உடனே 108. வேப்பிலை அடிப்பதிலும் மந்திரிப்பதிலும் நேரத்தை விடாதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு அது புரையேறி வேறு ஆபத்தாகும். சமைக்காமல் மிஞ்சிய இலை, சட்டியில் மிஞ்சிய கீரை இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே கீரையைச் சாப்பிட்ட மற்றவர்கள், இப்போது நன்றாக இருந்தாலும், கூடவே போக வேண்டும்.

குழுக்கள் செய்ய வேண்டியது

இளம் பெண்கள் சிலர், "போனில் போட்டோ எடுத்தா செடிப் பேரு சொல்ற ஆப் இருக்கே" என்று கேட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள், பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அது சின்னச் செடியில் தவறாகச் சொல்லலாம். போனால் மோந்து பார்க்க முடியாது, தேய்த்துப் பார்க்க முடியாது. அதை நம்பி மட்டும் சட்டியில் போட வேண்டாம்.

கூட்டமைப்பின் செயற்குழுவில் பேசி மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு குழுவும் வருகிற மழைக் காலத்தில் மாதம் ஒரு நாள், கீரை தெரிந்த பெரியவர் ஒருவரை முன்னால் விட்டு, இளையவர்கள் பின்னால் போய்ச் செடி பார்க்க வேண்டும். கூட வருகிற பெரியம்மாவுக்கு ஒரு டீ, பன்னுக்காவது குழு செலவு செய்யட்டும். இரண்டு, பார்த்த செடியைப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, காய்ந்ததும் நோட்டில் ஒட்டி, நம் ஊர்ப் பெயரை எழுதி வைக்க வேண்டும். விஷச்செடிக்குச் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த நோட்டு தீர்மானப் புத்தகத்தோடு இருக்கட்டும். மூன்று, தெரியாத இலையைக் கூடையில் போடுவதில்லை என்று வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்த மருமகள் இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லமாட்டோம். போன மாசத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். திண்ணையில் முறத்தை நடுவில் வைத்து, மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மருமகள் ஒவ்வொரு கொத்தாக எடுத்து, நுனியைத் தேய்த்து, மோந்து பார்த்து, பெயர் சொல்லி வைத்தார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு கொத்தை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தார். "இது ஏன் அத்தை?" என்று கேட்டார் மருமகள். இந்தத் தடவை அவர் கேட்டார். இவர் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே யாராவது ஒருவர் கேளுங்கள். தெரிந்தவர் சொல்லுங்கள். இப்போது வெளியே மரத்தடியில் பதினான்கு செடிகளைக் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். பெயர் எழுதி ஒட்டவில்லை. நீங்களே சொல்ல வேண்டும். பெரியவர்கள் பின்னால் நில்லுங்கள், முதலில் சின்னவர்கள் சொல்லட்டும். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் பக்கத்திலேயே இருக்கிறது.